ஒற்றை ஆள் உரல்

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் உலக்கையைத் தொடுவதில்லை என்று ஓபிரி சபதம் எடுத்தான். மனசுக்குள்தான். மனைவி செர்வா காதில் விழும்படி சபதம் எடுக்கிற துணிச்சல் கானாவின் குமாசி நகரத்தில் எந்தக் கணவனுக்கும் கிடையாது. இவனுக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

ஞாயிறு மதியம் ஊரே ஃபுஃபு என்கிற களியை இடிக்கும். வெந்த மரவள்ளிக்கிழங்கையும் வாழைக்காயையும் உரலில் போட்டு ஓபிரி நின்றபடி இடிப்பான். செர்வா பக்கத்தில் உட்கார்ந்து கையால் புரட்டிவிடுவாள். அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு டான்சோவின் டிவியில் கால்பந்து தொடங்கும். இவனுக்குக் கிடைப்பது கூச்சல் மட்டும். கோல் போட்டவன் மூஞ்சியை ஒருநாளும் பார்த்ததில்லை. வயிறு எரிந்தது.

ஓபிரி லேசுப்பட்ட ஆள் இல்லை. வடிவமைப்பாளன். மருந்துக் கம்பெனிக்குப் புட்டி மூடி, மினிபஸ்காரர்களுக்கு சீட்டு, கோழிப்பண்ணைக்குத் தீவனத் தொட்டி என்று எவன் தலைவலியையும் தன் தலையில் போட்டுக்கொண்டு தீர்த்துவைப்பவன். ஒரு தொழிலில் கற்றதை இன்னொன்றில் கொண்டுபோய்ச் சொருகுவதில் மன்னன். அவனுக்கு ஓர் உலக்கை எம்மாத்திரம்?

தையல் மெஷினிலிருந்து மிதி, மினிபஸ்ஸிலிருந்து சீட்டு. உட்கார்ந்து காலால் மிதித்தால் உலக்கை தானே எழுந்து விழும். கை சும்மா இருப்பதால் அதே ஆள் புரட்டிக்கொள்ளலாம். ஓர் ஆள் போதும். அந்த ஓர் ஆள் செர்வா.

விஷயத்தைக் கேட்டு செர்வா ரொம்ப சந்தோஷம் என்றாள். அப்போதே அவன் பயந்திருக்க வேண்டும்.

அளவெடுக்க அவளைக் கூப்பிட்டான். அடுப்பில் கோழி வேகிறது என்றாள். மறுபடி கூப்பிட்டபோது தலை பின்னிக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை தங்கையோடு போனில் இருந்தாள். அளவுக்காக வாசலில் காத்திருந்த வெல்டர் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்.

"நீங்களே உக்காந்து பாத்துக்கங்களேன். எல்லாருக்கும் கால் ஒண்ணுதானே," என்றாள் செர்வா.

உட்கார்ந்தான். சீட்டு அவன் இடுப்புக்கு அமைந்தது, மிதி அவன் காலுக்கு. அவனோ பனைமரம். செர்வா அவன் மார்பைத் தாண்டமாட்டாள். வேலை செய்கிற சுகத்தில் அது அவன் புத்தியில் உறைக்கவே இல்லை. வெல்டர் பற்றவைத்தார், கொத்தனார் எல்லாவற்றையும் சிமெண்டில் பதித்தார்.

ஞாயிறு வந்தது. தன் அணியின் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஓபிரி மனைவியைச் சீட்டில் உட்காரவைத்தான். அவள் கால்கள் அந்தரத்தில் ஆடின.

"எட்டலையே."

"கொஞ்சம் முன்னால நகந்து உக்காரேன்."

"நகந்தா உரலுக்குள்ள விழுந்துருவேன். அப்புறம் என்னையும் சேத்து இடிக்கவேண்டியதுதான்."

"சீட்டைத் தள்ளிப் போட்டுடலாம் செர்வா."

"சிமெண்டை இன்னிக்கே பேக்கப் போறீங்களா? பசங்க பசியோட நிக்கறாங்க. எங்க, நீங்க உக்காருங்க பாப்போம்."

உட்கார்ந்தான். அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் இருந்தது. மிதித்ததும் உலக்கை அழகாக எழுந்து பதமாக விழுந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவனுக்கே பெருமையாக இருந்தது.

"பாத்தீங்களா, உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு," என்று செர்வா அவன் கழுத்துத் துண்டை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

"எங்க கிளம்பிட்ட? புரட்டறது யாரு?"

"ஓர் ஆள் போதும்னுதானே இவ்வளவும் செஞ்சீங்க. இடிச்சுக்கிட்டே இருங்க, டான்சோ வீட்டுல பாத்துட்டு வந்து கோல் போட்டது யாருன்னு சொல்றேன்."