அப்பாவுக்குச் சொல்ல அனுமதி இல்லை

நெப்ராஸ்கா,
வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

அன்பு மகள் கோராவுக்கு அப்பா வெர்ன் கூச்செரா எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அம்மா, இரண்டு நாய்கள், சோளம் எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்பதைத்தான் இந்த நாட்டில் ஒருவரும் எனக்குச் சொல்லக் கூடாதாம். சட்டம் அப்படியாம்.

மூன்று வாரமாக நீ போனை எடுக்கவில்லை. நீ வகுப்புக்கே வருவதில்லை என்று தீவனக் கடை லாயிடின் மகள் (அவளும் உன் கல்லூரிதானே) சொன்னதாக லாயிட் சொன்னான். அப்போதும் நான் பதறவில்லை. பதினெட்டு வயது முடிந்தவர்கள் தங்கள் வாழ்க்கைக்குத் தாங்களே பொறுப்பு என்று ஊர்க்கூட்டத்தில் எத்தனை முறை பேசியிருக்கிறேன்! அதனால் பதறாமல், செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன்பே வண்டியை எடுத்துக்கொண்டு உன் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டேன்.

வழியெல்லாம் மூடுபனி. சோளக்காடு, தானியக் குதிர், தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றாகப் பனிக்குள்ளிருந்து வந்து, என்னைப் பார்த்துவிட்டு, திரும்பப் பனிக்குள்ளேயே போயின. ரேடியோவில் யாரோ பன்றி விலையைத் தாலாட்டு மாதிரி வாசித்துக்கொண்டிருந்தார். நான் வண்டி ஓட்டுகிறேனா, வீட்டில் படுத்துக்கொண்டு ஓட்டுவதாகக் கனவு காண்கிறேனா என்றே தெரியவில்லை. பக்கத்து இருக்கையில் நீ ஆறு வயசுக் குழந்தையாக உட்கார்ந்து, "அப்பா, மாடு ஏன் நம்மளையே பாக்குது?" என்று கேட்பது போலவே இருந்தது. பதில்கூடச் சொன்னேன்.

கல்லூரி அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அம்மாள் இருந்தார்.

"என் பொண்ணு கோரா இங்க படிக்கிறாளா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"அவங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்திருந்தா சொல்லலாம் சார். போடலையே."

"பணம் கட்டுறவன் நானு!"

"பணம் வாங்கிக்கலாம் சார். விவரம்தான் சொல்லக் கூடாது." அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னை உற்றுப் பார்த்தார். "ஒரு நிமிஷம். சேர்க்கை அன்னிக்கு எழுந்து நின்னு பேசினவர் நீங்கதானே? அரங்கமே கைதட்டுச்சே! நான்கூடத் தட்டினேன் சார்."

ஆமாம், நான்தான். பெற்றோருக்கு மதிப்பெண்ணைச் சொல்ல மாணவர் சம்மதிக்கும் அந்தப் படிவத்தை நீட்டியபோது, "என் மகளின் படிப்பு அவளுக்கும் அவள் மனசாட்சிக்கும் நடுவில் உள்ள விஷயம். அதில் எட்டிப்பார்க்க எந்த அதிகாரிக்கும் எந்தத் தகப்பனுக்கும் உரிமை இல்லை. கையெழுத்துப் போடாதே கோரா!" என்று முழங்கியவன். நீ நாற்காலியில் நழுவி நழுவித் தரைக்கே போய்விட்டாய். நல்ல பேச்சுதான், இப்போதும் ஒரு வார்த்தையை மாற்ற மாட்டேன். ஆனால் 'எந்தத் தகப்பனுக்கும்' என்றபோது நான் மற்றத் தகப்பன்களைத்தான் மனதில் வைத்திருந்தேன்.

யோசித்துப் பார், ஒரு கறவை மாட்டை வாங்கப் போனால் அது என்றைக்குக் கன்று போட்டது, என்றைக்கு இருமியது என்பதுவரை கேட்டு வாங்கலாம், பெற்ற பெண் பாஸா பெயிலா என்று கேட்டால் அந்தரங்கம், அதே சமயம் எனக்குக் காது மந்தமாகிறது என்று உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, மறுநாளே போனில் காதுக் கருவி விளம்பரம் வருகிறது, நீ இந்த நிமிஷம் எங்கே நிற்கிறாய் என்பது கலிபோர்னியாவில் எவனோ ஒருவனுக்குத் தெரியும், அப்பனுக்குத் தெரியாது, இதற்குப் பெயர் சுதந்திரமாம். உன் விடுதிக்குப் போனால் கதவு அட்டை காட்டாமல் திறக்காதாம். உன் அறைத் தோழி வெளியே வந்து, "அது கோராவோட சொந்த விஷயம் அங்கிள்" என்று சொல்லிவிட்டு, அழுகிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

விடுதிக்கு எதிரே புல்வெளியில் உட்கார்ந்தேன். பனி விலகி நல்ல வெயில். பிள்ளைகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, தூக்கத்தில் நடப்பவர்கள் மாதிரி சத்தமில்லாமல் போனார்கள். அப்படியே சாய்ந்தேன். தூரத்தில் போகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் உன் நடை இருந்தது, கிட்டே வந்ததும் போய்விட்டது. கண் அசந்திருப்பேன் போலிருக்கிறது. காவலாளி தோளைத் தட்டினான்.

"பெரியவரே, பொண்ணுங்க விடுதி முன்னாடி யாரோ படுத்திருக்காங்கன்னு புகார். உங்க பேர் என்ன?"

"பேரெல்லாம் சொல்ல மாட்டேன். அது என் அந்தரங்கம்."

"அப்ப இங்க யாரைத் தேடுறீங்க?"

எழுந்து, ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு வண்டிக்கு நடந்தேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகவே மகளே, உன் வாழ்க்கை உன் பொறுப்பு. படித்தாலும் விட்டாலும் நான் தலையிட மாட்டேன். ஒழுங்காகச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அந்தரங்கத்தை மதிக்கும்,
அப்பா.

பி.கு.: உறையில் முகவரி எழுதும்போது அம்மா வந்து தபால்தலையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இதுக்கு எதுக்கு ஸ்டாம்ப்பு? அவ மாடியிலதான் இருக்கா."

"யாரு?"

"உன் பொண்ணுதான். நீ தேடிப் போன அன்னிக்கே வந்துட்டா. நீ வயலுக்குப் போனப்புறம்தான் கீழ எறங்குவா."

"ஏன் எங்கிட்ட சொல்லல, டார்லா?"

"சொல்லாதேன்னா. பதினெட்டு வயசானவங்க விஷயத்த அடுத்தவங்க சொல்லக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ? நீயும் ஒண்ணும் கவலைப்பட்ட மாதிரியே காட்டிக்கல. இப்ப லெட்டரப் படிச்சேன், மனசு கேக்கல."

என் கடிதத்தை எனக்குத் தெரியாமல் படித்திருக்கிறாள். போகட்டும்.

மாடிக்கு வந்தேன். கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். மூடிய கதவைத் தட்டக் கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம், போட்டவன் நான். அதனால் இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். பொறுப்பு, கிறுப்பு என்று மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. பெயிலா, படிப்பே பிடிக்கவில்லையா, யாராவது மனதை நோகடித்தார்களா, ஒன்றும் கேட்க மாட்டேன். உன் அறை வாசலில் பீன்ஸ் குழம்பும் பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் வைத்திருக்கிறேன், ஆறுகிறது. மேல்படியில் உட்கார்ந்திருக்கிறேன். உனக்காகக் காத்திருப்பதாக நினைக்காதே. முழங்கால் வலி, இறங்க முடியவில்லை.

இன்னொரு பி.கு.: முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. கதவத் தெறடா கண்ணு.