சோற்றைத் திட்டிய வாரம்

மழை பிடித்ததும் சேறுகுன்னில் காளான் முளைக்கும். அந்த ஜூன் மாதம் காளானுக்குப் போட்டியாக ஒரு மகானும் முளைத்தார். பெயர் ஆச்சார்ய வாக்பிரியன்.

ரேஷன் கடைச் சுவரிலிருந்து பள்ளிக்கூட மதில் வரை அவருடைய படம்தான். படத்தில் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் வகுப்புப் பையன் எவனாவது அப்படி நீட்டியிருந்தால் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருப்பார்கள். ஆச்சார்யர் நீட்டியதால் ஊர் கையைக் கூப்பியது.

"பக்கத்து ஊர் ஸ்கூல்ல என்ன நடந்துச்சு தெரியுமா? மொட்டையா நின்ன மாமரத்தைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்னாராம். மறுவாரமே துளிர்த்துடுச்சாம்!" என்றார் திருச்சூர் பஸ்ஸில் ஒருவர்.

"நீங்க பார்த்தீங்களா?"

"என் மச்சினனோட கூட்டாளி பார்த்திருக்கான்."

"அப்ப சரிதான்." கேட்டவர் நிம்மதியானார். அந்த ஒரு வாரமும் விடாமல் மழை கொட்டியது பஸ்ஸில் யாருக்கும் நினைவு வரவில்லை.

ஆச்சார்யரின் தத்துவம் சுலபமானது. நல்ல வார்த்தை சொன்னால் சோறுகூட மணக்கும். கெட்ட வார்த்தை சொன்னால் அழுகிப்போகும். வெளிநாட்டிலேயே இதை நிரூபித்துவிட்டார்களாம். எந்த வெளிநாடு என்று ஒருவர் கேட்டதற்கு, "பெரிய வெளிநாடு" என்றார். குழந்தை பிறந்ததும் பொன்னும் வசம்பும் தேனில் உரைத்து நாவில் தடவுவது அந்த ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். பள்ளிக்கூடம் போகும் வயதில் மறுபடியும் தடவ வேண்டும் என்பது ஆச்சார்யரின் சொந்தக் கண்டுபிடிப்பு. தேன் டப்பாவும் அவருடைய சொந்தத் தயாரிப்பு.

அந்த பஸ்ஸில் இதையெல்லாம் கேட்டு எரிச்சலோடு உட்கார்ந்திருந்தவள் லதிகா. சேறுகுன்னு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. ஆச்சார்யரை ஊருக்கு அழைத்து வந்த பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் சுனிலன், வேறு யாருமில்லை, அவளுடைய வீட்டுக்காரர்.

"சுனிலேட்டா, சோத்துக்குக் காது எங்க இருக்கு?" என்று அவள் ஞாயிற்றுக்கிழமை கேட்டாள்.

"உனக்கு எல்லாத்துலயும் குதர்க்கம். நம்புறவங்களை நம்ப விடேன்" என்றார் சுனிலன். பிறகு அடுப்பங்கரைக்குப் போய் மத்தி மீன் குழம்புச் சட்டியின் மேல் குனிந்து, "நீ எவ்வளவு அழகு தெரியுமா" என்று மெதுவாகச் சொன்னார்.

லதிகா கரண்டியைக் கீழே வைத்தாள். "கல்யாணமாகிப் பதினோரு வருஷமா என்கிட்டச் சொல்லாததை மத்திகிட்டச் சொல்றீங்களே!"

விஷயம் இந்தச் சிரிப்போடு முடிந்திருக்கும். ஆனால் இதில் ஒரு குழந்தை சிக்கியிருந்தது.

உண்ணிமாயா லதிகாவின் வகுப்பு. எட்டு வயது. நாக்கின் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு மச்சம். போதாதா? கரிநாக்கு என்று ஊர் பெயர் வைத்துவிட்டது. அவள் சொன்னால் பலிக்குமாம். "அங்கிள், உங்க வண்டி வழியில நின்னுடும்" என்று ஒருநாள் தபால்காரரிடம் சொன்னாள். வண்டி நின்றது. டயரில் ஆணி ஏறியிருந்ததை அவள் பார்த்திருந்தாள் என்பதை யாரும் விசாரிக்கவில்லை. "தலைமையாசிரியர் நாற்காலி ஒடியும்" என்றாள். ஒடிந்தது. நாற்காலிக் காலின் அடியில் கரையான் மண் குவிந்துகிடந்ததைப் பார்க்க, குனிய வேண்டும். பெரியவர்கள் குனிவதில்லை. அவள் உயரத்துக்கு அது கண்ணெதிரே இருந்தது.

ஆச்சார்யருக்கு இப்படி ஒரு நாக்குத்தான் தேவைப்பட்டது. கழகக் கூட்டத்தில் அவர் கண்ணை மூடிச் சொன்னார்: "இந்தக் குழந்தையோட நாக்கு எல்லாப் பிள்ளைங்க படிப்பையும் கெடுத்துடும். என் ஆசிரமத்துல வச்சு நாவுசுத்தி பண்ணணும். அதுவரைக்கும் ஸ்கூல் வேண்டாம். சந்தேகமா? ஒரே வாரம். இவ திட்டற சோறு வெள்ளிக்கிழமைக்குள்ள அழுகிப்போறதை நானே காட்டறேன்."

கூட்டம் கைதட்டியது. மாயாவின் அம்மா ஸஜிதா பேக்கரியில் வேலை செய்பவள். கணவன் மஸ்கட்டில். அவள் லதிகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அனுப்பாதே ஸஜிதா. முன்பின் தெரியாத ஆள்."

"எனக்கு மட்டும் ஆசையா டீச்சர்? பக்கத்து வீட்டுக் குழந்தைங்க அவகூட விளையாட வர்றதில்ல. வெள்ளிக்கிழமை அவர் சொன்னது நிஜமாயிட்டா, நான் என்ன சொல்லி இவளை இந்த ஊர்ல வளர்க்கிறது?"

லதிகாவின் வகுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. வாரத்துக்கு ஒரு கேள்வி. திங்கட்கிழமை ஊகத்தைக் கரும்பலகையில் எழுதுவார்கள். நடுவில் மூன்று நாள் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை தெரிந்ததைச் சொல்வார்கள். எது மிதக்கும், எது கரையும், எந்த விதை முதலில் முளைக்கும் என்று எல்லாம் இப்படித்தான். இன்னொரு சட்டமும் இருந்தது: ஒவ்வொரு பெஞ்சும் தானே செய்து பார்க்க வேண்டும்.

திங்கட்கிழமை ஆச்சார்யர் வந்தார். வகுப்பு முழுக்கச் சாம்பிராணிப் புகை. மதியச் சத்துணவுச் சோற்றை வாங்கி, எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி, தன் பையிலிருந்து எடுத்த இரண்டு பாட்டில்களில் அடைத்து இறுக மூடினார். ஒன்றை வெள்ளைப் பட்டுப் பையிலும் மற்றதைக் கறுப்புப் பட்டுப் பையிலும் போட்டு முடிந்தார்.

முன் பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "எங்க பெஞ்சுக்கு பாட்டில் எங்கே?"

"எங்களுக்கு?" "எங்களுக்கும் வேணும்!" என்று நாலா பக்கமும் கைகள்.

ஆச்சார்யர் திகைத்தார். ஆயிரம் பெரியவர்கள் கூடிய கூட்டங்களில் யாரும் அவரிடம் பாட்டில் கேட்டதில்லை. "எல்லாரும் செய்யற காரியம் இல்ல குழந்தைகளே. இது மந்திரம்" என்றார்.

"மந்திரம்னா ஊகத்தை எங்க எழுதறது?" என்று கேட்டாள் மாயா.

அவளை முறைத்துவிட்டு ஆச்சார்யர் விதிகளைச் சொன்னார். தினமும் காலையில் வகுப்பு முழுவதும் வெள்ளைப் பையிடம் அன்பாகப் பேச வேண்டும். கறுப்புப் பையை மாயா மட்டும் திட்ட வேண்டும். வெள்ளி வரை யாரும் பைகளைத் திறந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் போய்விடும்.

கண்ணைப் பற்றிய இந்த அக்கறை லதிகாவை யோசிக்க வைத்தது. எல்லோருக்கும் பாட்டில் கொடுக்க என்ன பயம்? சோறு அடைக்கும்போது எதற்கு முதுகு?

மாலை மணி அடித்து, குழந்தைகள் குடையோடு ஓடிய பிறகு அவள் கதவைச் சாத்தினாள். இரண்டு முடிச்சுகளையும் அவிழ்த்தாள். இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே மாதிரி பாட்டில்கள். வெள்ளைப் பையிலிருந்ததைக் கறுப்பில் போட்டாள், கறுப்பிலிருந்ததை வெள்ளையில் போட்டாள். முடிச்சைப் பழையபடி போட்டாள். அவ்வளவுதான். கண் போகவில்லை. மனத்துக்குள் கணக்கும் சரியாக இருந்தது. வார்த்தைக்குத்தான் சக்தி என்றால், வெள்ளைப் பையிடம் கொஞ்சினால் அதற்குள் எந்த பாட்டில் இருந்தாலும் வெள்ளையாக இருக்க வேண்டும். சக்தி பாட்டிலுக்குள் முன்கூட்டியே போடப்பட்டிருந்தால்தான் ஆபத்து, ஆச்சார்யருக்கு.

வீட்டுக்கு நடக்கும்போது மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. ஒருவேளை வெள்ளைப் பை நன்றாகவே இருந்துவிட்டால்? மாயாவைத் தன் கையாலேயே ஆச்சார்யரின் காரில் ஏற்றி அனுப்பியதாக ஆகிவிடாதா?

செவ்வாய் காலை வகுப்பு வெள்ளைப் பையைச் சூழ்ந்துகொண்டு கொஞ்சியது. "செல்லச் சோறே! தங்கச் சோறே!" மாயா கறுப்புப் பையின் முன்னால் தனியாக நின்றாள். அவளுக்குத் திட்டத் தெரியவில்லை. தெரிந்த திட்டு ஒரே இடத்தில் கேட்டதுதான். இடுப்பில் கை வைத்தாள்.

"வீட்டுப்பாடம் எங்கே? தினமும் இதே கதைதானா? உனக்குக் காது இருக்கா, இல்லையா? நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா!"

குரல், ராகம், விரல் ஆட்டுவது என்று அத்தனையும் லதிகாதான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. லதிகா அன்று முழுவதும் யாரையும் திட்டவில்லை.

வியாழன் வரை சோறு இப்படி வளர்க்கப்பட்டது. ஊரும் சும்மா இருக்கவில்லை. டீக்கடைக்காரர் பாலைக் கொஞ்சினார். பால் திரிந்தது. பக்கத்தில் நின்ற யாரோ அதைத் திட்டியிருக்க வேண்டும் என்று முடிவு செய்து, பக்கத்தில் நின்றவரோடு சண்டைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை கொட்டுகிற மழையில், விளக்கு எரிய, ஆச்சார்யரின் பழைய வெள்ளைக் கார் பள்ளி முற்றத்தில் வந்து நின்றது. மதியம் வரை அவர் ஒவ்வொரு வகுப்பாக நாக்குகளில் தேன் தடவினார். சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே மூன்றாம் வகுப்பில் கூடியது. ஜன்னல் கம்பிகளில் தலைகள் காய்த்துத் தொங்கின. மாயாவின் துணிப்பை வாசலோரம் தயாராக இருந்தது. ஸஜிதா அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"முதல்ல அன்பு!" என்று முழங்கினார் ஆச்சார்யர். வெள்ளைப் பட்டுப் பையை அவிழ்த்து, பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அவர் பார்த்தது கூட்டத்தை. கூட்டம் பார்த்தது பாட்டிலை.

பாட்டிலுக்குள் பச்சையும் கறுப்புமாகப் பூசணம். பூனைக்குட்டி ஒன்றைத் திணித்து அடைத்தது போல ரோமம் முளைத்திருந்தது.

"ஆகா!" என்றார் ஆச்சார்யர், அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னாலேயே. பிறகு பார்த்தார்.

"செல்லச் சோத்துக்கு என்ன ஆச்சு?" என்று ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

லதிகா கறுப்புப் பையைத் தானே எடுத்து அவிழ்த்தாள். உள்ளே சோறு மல்லிகைப் பூவாக வெளுத்திருந்தது.

"மூணு நாளா மாயா திட்டின சோறு. எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க" என்றாள்.

ஆச்சார்யர் சுதாரித்தார். "இந்தக் குழந்தைங்களோட அன்பு பொய்! உள்ளுக்குள்ள விஷம்!"

அது தப்பான வார்த்தை. முப்பது குழந்தைகளின் முப்பது அம்மாக்களும் அங்கே இருந்தார்கள்.

"யாரைப் பாத்து விஷம்ங்கிறே?" என்று ஒருத்தி சேலையை இழுத்துச் செருகினாள்.

"இருங்க" என்றாள் லதிகா. "குழந்தைங்க மேல தப்பில்ல. திங்கட்கிழமை சாயங்காலம் பாட்டிலைப் பை மாத்திப் போட்டது நான்தான்."

"பாத்தீங்களா! மோசடி! இவளே ஒத்துக்கறா!" என்று துள்ளினார் ஆச்சார்யர். "நான் அழுகறதுக்கு வச்ச பாட்டிலைக் கொண்டுபோய்…"

பாதியில் வாயை மூடிக்கொண்டார். நாவுசுத்தி நிபுணருக்கு நாக்கு இப்படித் தவறியிருக்கக் கூடாது.

அதுவரை சிலையாக நின்ற சுனிலன் முன்னால் வந்தார். வெளுத்த சோற்று பாட்டிலை வாங்கித் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். மறுபடி மோந்தார்.

"லதிகா, பிரியாணிக்கு வெங்காயத்துல போடுவோமே, வினிகர். அந்த வாசனை."

பாட்டில் கைமாறிக் கைமாறி ஜன்னல் வரை போனது. மூக்குள்ள அத்தனை பேரும் மோந்தார்கள். சாம்பிராணி இல்லாத இடத்தில் வினிகர் வினிகராகவே மணந்தது.

"சோத்தைக் காப்பாத்தினது வார்த்தை இல்ல, வினிகர்" என்றாள் லதிகா. "நாம ஊறுகாயைக் கொஞ்சியா கெடாம வச்சிருக்கோம்?"

சிரிப்பு ஜன்னலுக்கு வெளியிலிருந்து தொடங்கி உள்ளே வந்தது. ஆச்சார்யர் தேன் டப்பாக்களை அள்ளிக்கொண்டு காருக்கு ஓடினார். கூட்டம் பின்னாலேயே போனது. ஸஜிதாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்த மாயா, காரைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள்.

"ஸ்வாமி, உங்க கார் கிளம்பாது."

கூட்டம் உறைந்தது. ஆச்சார்யர் சாவியைத் திருகினார். கார் ஒரு இருமல் இருமியது. மறுபடி திருகினார். அந்த இருமலும் நின்றது.

"ஐயோ, கரிநாக்கு!" என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். வினிகரை மோந்த மூக்குக்கு மேலேயே இருக்கும் மூளைக்கு அந்த வாசனை இன்னும் போய்ச் சேரவில்லை.

"எப்படி மாயா தெரியும்?" என்று லதிகா உரக்கக் கேட்டாள், வகுப்பில் கேட்பது போலவே.

"காலையில வரும்போது லைட் பளிச்சுன்னு எரிஞ்சுது டீச்சர். அவர் அணைக்கவே இல்ல. மத்தியானம் மங்கலா எரிஞ்சுது. இப்ப எரியல. பேட்டரி போயிருக்கும்."

அத்தனை பேரும் காலையிலிருந்து அந்தக் காரைச் சுற்றித்தான் நின்றிருந்தார்கள். தொட்டுக் கண்ணில்கூட ஒற்றிக்கொண்டார்கள். பார்க்கத்தான் இல்லை.

"சரி, தள்ளித் தொலைங்க" என்றார் சுனிலன். கொட்டுகிற மழையில் அவரே முதல் ஆளாகக் கையை வைத்தார். தள்ளிக்கொண்டே மனைவியைத் திரும்பிப் பார்த்து, "நீ எவ்வளவு அழகு தெரியுமா" என்றார், மத்தியிடம் சொன்ன அதே குரலில்.

"முதல்ல காரைத் தள்ளுங்க" என்றாள் லதிகா. முகம் மட்டும் சிவந்துவிட்டது.

கார் வளைவில் மறைந்தது. ஸஜிதா துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பெரியவர்கள் சேறு தெறித்த வேட்டிகளோடு நின்றார்கள். நல்ல வார்த்தை, கெட்ட வார்த்தை எதற்கும் அந்தச் சேறு போகவில்லை. சோப்புப் போட்டுத் துவைக்க வேண்டியிருந்தது.

ஊரே, உன் பிள்ளை கண்ணைத் திறந்து பார்த்ததைச் சொன்னால் அவள் நாக்கில் கறுப்பு தேடுகிறாய். கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவன் நாக்கைச் சுவரெல்லாம் ஒட்டிக் கும்பிடுகிறாய். சோற்றுக்குக் காது இல்லை, போகட்டும். அதைத் தினமும் மூன்று வேளை தின்கிற உனக்குத் தலை இருக்கிறதே, அதை எந்தப் பட்டுப் பைக்குள் முடிந்து வைத்திருக்கிறாய்?