லுயாண்டோ குடித்த பாடம்

"டிரிங்க்!" என்றாள் லுயாண்டோ, மறுபடியும்.

வகுப்பில் ஒரு கை அசையவில்லை. மோன்ஸே ஊரின் மாடுகள்கூட இத்தனை நேரம் இமைக்காமல் பார்த்ததில்லை.

அன்று அவளுக்குப் பயிற்சி வகுப்புத் தேர்வு. தேறினால் ஆசிரியை, தவறினால் இன்னொரு வருடம் கல்லூரி விடுதியின் வேகாத அவரை. மதிப்பெண் போட விரிவுரையாளர் ஹமோங்கா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். காலையிலேயே எச்சரித்திருந்தார்: "இங்கிலீஷ் தெரியாத பசங்களுக்கு இங்கிலீஷ்லயே புரிய வைக்கணும். ஒரு வார்த்தை நம்ம டோங்கா பாஷை பேசினியோ, மூட்டையைக் கட்டிக்க!"

அதற்காகத்தான் ஒரு குடம் சிப்வான்டு சுமந்து வந்திருந்தாள். இனிக்கும் அந்தச் சோளக்கூழைக் கண்டால் பிள்ளைகள் பாய்ந்துவிடுவார்கள் என்று கணக்கு.

பாயவில்லை. சரி, செய்து காட்டுவோம் என்று தானே ஒரு கோப்பை குடித்தாள். "ஐ டிரிங்க்!"

வகுப்பு கைதட்டியது. இன்னொரு கோப்பை குடித்தாள். இன்னும் பலமாகத் தட்டியது.

வயிறு முரசாகிவிட்டது. அடுத்த கோப்பையை முன்வரிசைச் சிறுமி சோல்வேயின் கையில் திணித்தாள். "யூ! டிரிங்க்!"

சோல்வே இரு கைகளாலும் பவ்வியமாக வாங்கினாள். பெரியவர் ஒருவர் விருந்தாளியாக வந்திருக்கும்போது சின்னவர்கள் முதலில் வாய் வைக்கலாமா? நேரே பின்வரிசைக்குப் போய், மண்டியிட்டு ஹமோங்காவிடம் நீட்டினாள். மண்டியிட்டுக் கொடுத்ததை மறுக்க அந்தச் சீமையில் எவருக்கும் துணிச்சல் கிடையாது. குடித்தார்.

"நோ, நோ! யூ!" என்று அடுத்தவனிடம் கொடுத்தாள். அதுவும் ஹமோங்காவிடம் போனது. அடுத்ததும்.

"ஏம்மா, இன்னும் எவ்வளவு இருக்கு?" ஹமோங்கா முனகினார்.

"பாதிக் குடம், சார்."

அவர் கால்மேல் கால் போட்டார். பிறகு இறுக்கிப் போட்டார். நெற்றியில் ஸாம்பேஸி ஆறு ஓடியது.

டோங்காவில் கெஞ்சத் துடித்த நாக்கை லுயாண்டோ கடித்துக்கொண்டாள். சட்டென்று சோல்வேயின் முன் தானே மண்டியிட்டு, இரு கைகளாலும் கோப்பையை நீட்டினாள். "டிரிங்க், ப்ளீஸ்."

சோல்வே குடித்தாள்! வகுப்பே குடத்தின் மேல் விழுந்தது. "வீ டிரிங்க்! வீ டிரிங்க்!" கூரைத் தகரம் அதிர்ந்தது.

"பாஸ்! ரொம்ப நல்ல பாஸ்!" என்று கத்திக்கொண்டே ஹமோங்கா கழிப்பறைப் பக்கம் பறந்தார்.

இனி டோங்கா பேசலாம். லுயாண்டோ கண்ணீரோடு உள்ளங்கைகளைக் குவித்து, மெல்லத் தட்டி நன்றி சொன்னாள். "என் செல்லங்களா, இன்னிக்கு உங்களாலதான் நான் டீச்சர்!"

சோல்வே மேலுதட்டில் மீசையாய் ஒட்டியிருந்த கூழை நக்கினாள்.

"இருக்கட்டும் டீச்சர். முன்னாடி காலேஜ்லேருந்து வந்த டீச்சர் 'டிரிங்க்'னதும் நாங்க மடக்குனு குடிச்சிட்டோம். 'இதுங்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுதே, நீ என்னத்தச் சொல்லிக்குடுத்தே'ன்னு இந்த சார் ஃபெயிலாக்கிட்டாரு. பாவம், ரொம்ப அழுதாங்க. அதுலேருந்து யார் வந்தாலும் முதல்ல தெரியாத மாதிரியே முழிப்போம். சாருக்குக் குடுத்த கோப்பையெல்லாம் மட்டும் அந்த டீச்சருக்காக."