துண்டு அண்ணன் பிடித்த இடம்

கடவுள் உலகத்தைப் படைத்து முடித்த களைப்பில் சற்று உட்கார இடம் தேடியிருந்தால், நிழலான இடத்தில் எல்லாம் ஏற்கெனவே ஒரு துண்டு கிடந்திருக்கும். அது எங்கள் சுங்கைப் பட்டாணி ஊர்த் துண்டு அண்ணனுடையதாக இருந்திருக்கும். இது மிகை என்று நினைப்பவர்கள் அவரைப் பார்க்கக் கொடுத்துவைக்காதவர்கள்.

அண்ணனுக்குப் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருப்பார்கள்தான். எங்கள் யாருக்கும் அது தெரியாது. வாடகைக் கார் ஓட்டினார். மற்ற டிரைவர்கள் காரின் பின்னால் மாற்று டயர் வைத்திருப்பார்கள். இவர் அந்த இடத்தில் துவைத்து மடித்த துண்டுகளை அடுக்கி வைத்திருந்தார். எல்லாம் வெள்ளை, சிவப்புக் கரை. டயர் பஞ்சரானால் நடுச் சாலையில், எங்கள் பேச்சில் சடக்கில், நிற்பாரே தவிர, துண்டு இல்லாமல் படியிறங்க மாட்டார்.

பஸ் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தானே? அண்ணன் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார். சினிமாக் கொட்டகையில் துண்டு, முடிவெட்டும் கடையில் துண்டு, கோயில் பந்தியில் இலைக்கு முன்னால் துண்டு. "இது யாரு இடம்?" என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான்.

"ஆள் வருது."

அதற்குமேல் ஒரு சொல் அவரிடமிருந்து பெயராது.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவித்திருந்த சமயம். காட்டுக்குள்ளே கம்யூனிஸ்டுகள், சடக்கிலே பட்டாளம், நடுவிலே நாங்கள். எல்லாரும் அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, தோட்டத் திடலில் வெயில் கொளுத்த வரிசை நின்றது. வெள்ளைக்கார அதிகாரி வந்து பார்த்தால், வரிசையில் ஆட்களே இல்லை. தரையில் நீளத்துக்குத் துண்டுகள். சனங்கள் எல்லாம் தூரத்து மரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையின் முதலில் அண்ணன் மட்டும் விறைப்பாக நின்றார்.

"ஆட்கள் எங்கே?" என்று அதிகாரி மலாயில் கத்தினார்.

அண்ணன் துரையை மலாய் மரியாதையில் துவான் என்று விளித்து, ஒவ்வொரு துண்டாகக் காட்டினார். "இது முனியம்மா, துவான். இது சாமிக்கண்ணு. இது சாமிக்கண்ணு மாமியா, கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கேன், ரெண்டு பேருக்கும் ஆகாது."

இன்னொரு முறை பாலிங் சடக்கில் ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து சுட ஆரம்பித்துவிட்டார்கள். காரில் கந்தசாமியோடு இருந்த மளிகைக்கடை பாய் கதவைத் திறந்துகொண்டு சாலையோரப் பள்ளத்தில் குதித்தார். அதற்குள் அங்கே துண்டுகள் கிடந்தன. எப்போது போட்டார், எப்படிப் போட்டார், தெரியாது. தலைக்குமேல் குண்டு பறக்கிறது, அண்ணன் பள்ளத்தில் தவழ்ந்துகொண்டே பஞ்சாயத்து செய்கிறார். "பாய், அது கந்தசாமிக்குப் போட்டது லா! உங்க இடம் இந்தப் பக்கம், கல்லு மறைவா இருக்கு பாருங்க." பாய் கடைசிவரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கல் மறைவாக இருந்ததால்தான் சிரிக்க முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

இப்பேர்ப்பட்ட மனிதரின் காரைத்தான், என் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்த ஒரு நாளில், நான் வாடகைக்கு எடுத்தேன்.

அப்போது சிடாம் கிரிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி நான். தைப்பிங்கில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர் இலையில் சரோஜா உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு நான் என்ன சாப்பிட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பேச்சு எடுத்தோம். சரோஜாவின் அப்பா சிங்கப்பூரில் பெரிய கிராணி. "சுடுற காட்டுல கொண்டுபோய் எம்மகளைத் தள்ளமாட்டேன். நேர்ல வந்து பாக்கறேன். மனசுக்குச் சரின்னு பட்டாத்தான் பொண்ணு" என்று சொல்லிவிட்டார். ரயிலைக் கவிழ்க்கிறார்கள் என்ற பயத்தில் பினாங்குக்கு விமானத்தில் வருவதாக ஏற்பாடு. அவரை அழைத்து வர வேண்டும். வழியில் ஒரு பட்டாசுகூட வெடிக்கக் கூடாது. அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

பட்டவொர்த்தில் பெர்ரி ஏறித் தீவுக்குப் போய், விமான நிலையம் சேர்ந்தால், ஐயோ, தேர்த்திருவிழா. அதே விமானத்தில் பெரிய துவான் ஒருவர் வருகிறாராம். கார்கள், ஜீப்புகள், மாலைகள், துப்பாக்கிகள். நிறுத்த இடமே இல்லை. போலீஸ்காரர் எல்லாக் கார்களையும் ஒரு வழியாக விட்டு, சுற்றி வரச் சொல்லிக்கொண்டிருந்தார். நுழைகிற இடத்திலேயே பெரிய மரத்தடியில் ஒரு கார் நிற்கிற அளவு நிழல் காலியாக இருந்தது. அண்ணன் நகர்கிற காரிலிருந்து குதித்தார், நிழலில் துண்டை விரித்தார், ஓடி வந்து மறுபடி ஏறிக்கொண்டார்.

"அண்ணே, காருக்கெல்லாமா துண்டு போடுவாங்க?"

"இடம்னா இடந்தானே, தம்பி."

சுற்றி வருவதற்குள் அந்த நிழலில் கொடி கட்டிய பெரிய கார் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் முன்சக்கரத்துக்கு அடியிலிருந்து சிவப்புக் கரை மட்டும் எட்டிப் பார்த்தது.

அண்ணனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "துண்டு மேலயே ஏத்திட்டான் தம்பி. உக்காந்திருந்த ஆள் மேல ஏத்தின மாதிரி."

பெரிய காரின் மலாய்க்கார டிரைவரிடம் போய் நியாயம் கேட்டார். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "துண்டுக்கு லைசென்ஸ் இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்டார். அண்ணன் திரும்பி வந்து, எங்கள் காரை அந்தக் காருக்குப் பின்னால் குறுக்கே நிறுத்திவிட்டார். முன்னால் மரம், பின்னால் நாங்கள்.

"அண்ணே, புதுத் துண்டு வாங்கித் தர்றேன். கையெடுத்துக் கும்பிடறேன், காரை எடுங்க. மாமா வர்ற நேரம்."

"நீ போயி மாமாவைக் கூட்டிட்டு வா. இது எனக்கும் அவனுக்கும் உள்ளது."

விமானம் இறங்கியது. மாமா வந்தார். தும்பைப்பூ மாதிரி வெள்ளைக் கோட்டு, கால்சட்டை, கையில் குடை. மாலையை வாங்கிக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "இங்க வெடிச் சத்தம் ராத்திரி மட்டுந்தானா, பகல்லயும் உண்டா?"

"சேச்சே! இங்க ஈ பறந்தாகூட கேக்கும் மாமா. அவ்வளவு அமைதி!"

நான் சொல்லி வாய் மூடவில்லை. பெரிய துவான் காரில் ஏறப் போனார், டிரைவர் எஞ்சினைக் கிளப்பினார், அண்ணன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மலாயில் அலறினார். "எடுக்காதே! அசைக்காதே! சக்கரத்துக்கு அடியில இருக்கு!"

என்ன இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. காவல்காரர் ஒருவர் குனிந்து பார்த்தார். ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. சிவப்பு என்றாலே துப்பாக்கி நீளுகிற காலம் அது. விசிலை ஊதினார். "வெடிகுண்டு! ஓடுங்கள்!"

அடேயப்பா, அந்த ஓட்டத்தை என்னவென்று சொல்ல! பெரிய துவான் ஓடினார், மாலைக்காரர்கள் ஓடினார்கள், ஓடுங்கள் என்று கத்தியவர் எல்லாரையும் முந்தினார். ஒதுங்க ஒரே இடம், சாலையோரம் இருந்த சாக்கடை. எங்கள் ஊர்ப் பேச்சில் லோங்காங். கும்பல் போய்ச் சேருவதற்குள் லோங்காங்கின் உலர்ந்த மூலையில் ஒரு துண்டு விரிந்திருந்தது. அதன் பக்கத்தில் அண்ணன்.

"மாமா! இங்க இடம் இருக்கு! வாங்க, வாங்க! துவான், நீங்க தள்ளுங்க, இது மாமாவுக்குப் போட்டது!"

மாமா துண்டின்மேல் பொத்தென்று விழுந்தார். பெரிய துவான் முழங்கால்வரை சேற்றில் நின்றார். எனக்கு அந்த நிமிடம் வெடிகுண்டு நிஜமாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. போச்சு, சரோஜா போச்சு.

பட்டாளத்துக்காரர் ஒருவர் நீளமான கொம்பின் முனையில் கொக்கி கட்டி, படுத்துக்கொண்டே இழுத்தார். டயர்த் தடத்தோடு துண்டு வந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். அண்ணன் லோங்காங்கிலிருந்து ஏறிப் போய், அதை உதறிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அடப்பாவி அண்ணே, துண்டுதான்னு உங்களுக்குத் தெரியுமே! நீங்க எதுக்கு ஓடுனீங்க?"

"எல்லாரும் ஓடறாங்க லா! நான் மட்டும் நின்னுக்கிட்டிருந்தா நல்ல இடமெல்லாம் போயிடுமே!"

வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் முகம் சிவந்து வந்தார். யாருக்காக அந்தத் துண்டைப் போட்டாய் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அண்ணன் மாமாவைக் காட்டினார்.

"ஆள் வந்தாச்சு, துவான்."

இன்ஸ்பெக்டர் மாமாவின் வெள்ளைக் கோட்டையும், பெரிய துவானின் சேற்றுக் காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி, போ போ என்று கையை ஆட்டினார்.

பெர்ரியில் மாமா பேசவில்லை. சுங்கைப் பட்டாணி தாண்டியும் பேசவில்லை. நான் மனதுக்குள் சரோஜாவுக்கு வேறொரு மாப்பிள்ளையைப் பார்த்து, கல்யாணத்தையும் முடித்து, அழுதுகொண்டே மொய் எழுதிவிட்டேன். தோட்டத்து முள்கம்பி வேலி வாசலில் கார் சோதனைக்காக நின்றபோதுதான் மாமா தொண்டையைக் கனைத்தார்.

"ஏம்பா டிரைவரு, நெசமாவே சுட்டா என்ன பண்ணுவே?"

"மொதல்ல துண்டு போடுவேன். அப்புறம் ஆளை எறக்குவேன். கடைசியா நான் எறங்குவேன்."

"எம்மக இருந்தா?"

அண்ணன் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். அண்ணன் முகத்தில் சிரிப்பே இல்லை. "தங்கச்சிக்கு நல்ல இடமாப் பாத்துப் போடுவேங்க."

மாமா தன் கோட்டுக் கையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். ஒரு பொட்டுச் சேறு இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "தை மாசத்துல நாள் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

நான் அண்ணனைப் பின்னாலிருந்தே கட்டிப்பிடித்தேன். அப்போதுதான் கிளம்பிய கார் வாசல் கம்பத்தில் இடித்தது. இடித்தால் இடிக்கட்டும்.

கல்யாணத்தன்று விடியும் முன்பே மணவறையில் பெண் உட்காரும் இடத்தில் ஒரு புதுத் துண்டு கிடந்தது. ஐயர் எடுக்கப் போனார், அண்ணன் விடவில்லை. "ஆள் வருது சாமி." சரோஜா வந்து அதன்மேல்தான் உட்கார்ந்தாள்.

அண்ணன் போய் வெகுகாலமாகிவிட்டது. போன மாதம் எங்கள் பேரனை அழைத்து வர அதே விமான நிலையத்துக்குப் போயிருந்தோம். இப்போது அது பெரிய கட்டடம். காரை நிறுத்த இடம் கிடைக்காமல் மகன் சுற்றிக்கொண்டே இருந்தான். உள்ளே காத்திருக்கும் கூடத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். சரோஜா பையைத் திறந்து, சிவப்புக் கரைத் துண்டு ஒன்றை எடுத்து, பக்கத்து நாற்காலியில் விரித்தாள்.

"யாருக்குடி?" என்றேன்.

அவள் பதில் சொல்வதற்குள் ஒரு பையன் வந்து, "ஆன்ட்டி, இங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டான்.

"ஆள் வருது, தம்பி" என்றாள் சரோஜா.

பேரன் வரும் கதவை விட்டுவிட்டு, துண்டு அண்ணன் வந்துவிடுவார் என்பதுபோல நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.