தோற்பதற்காக நான் வெட்டிய நட்சத்திரங்கள்

அன்றைக்கு ஒரு பெரிய முடிவு எடுத்தேன். என் பெண்டாட்டியிடம் வேண்டுமென்றே தோற்றுவிடுவது.

தோற்றே பழகியவன் சொன்னால் இதில் விசேஷம் இல்லை. நான் அரிகிருஷ்ணன். பாண்டி மேட்டுப்பாளையத்தில் மூடுகிற கம்பெனிகளில் பழைய மோட்டார், கம்ப்ரஸர் எடுத்து விற்கிறவன். ஏழாங்கிளாஸுக்கு மேல் பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மீதிப் பாடத்தை ஊர்தான் கன்னத்தில் அறைந்து அறைந்து நடத்தியது. பேரத்தில் கோபம் வந்தால் சரக்கை விட்டுவிட்டு வெளியே நடப்பேன். கேட்டைத் தாண்டுவதற்குள் கூப்பிடுவார்கள். என் கோபம் முக்கால்வாசி நிஜம், கால்வாசி வியாபாரம்.

அப்பேர்ப்பட்டவன் எதற்குத் தோற்க வேண்டும்? சொல்கிறேன்.

பெண்டாட்டி சரிதா ரெட்டியார்பாளையத்தில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிறவள். பிரசவத்துக்கு எடுத்து, பிறகு நீட்டிய லீவு முடிந்துவிட்டது. திங்கட்கிழமை சேராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். காலை ஏழு மணிக்கே போக வேண்டும். பத்து மணிக்கு மேல் குழந்தையைப் பக்கத்து வீட்டு ஜோசெத்தம்மா பார்த்துக்கொள்வார். இடித்தது காலைச் சாப்பாடுதான். பத்து மாசப் பாப்பா அம்மா கையைத் தவிர வேறு கையில் வாங்க மாட்டாள். ஸ்பூனைக் கண்டால் வாயைக் கடை ஷட்டர் மாதிரி இறக்கிவிடுவாள்.

"சனிக்கிழமை காலைல நீங்க குடுத்துப் பாருங்க. பாப்பா சாப்ட்டா நான் வேலைக்குப் போறேன். சாப்டலன்னா வேலைய விட்டுடறேன்" என்றாள் சரிதா.

எனக்கு உள்ளுக்குள் பாண்டி மெரீனா காற்று. அவள் வீட்டோடு இருந்தால் எனக்குச் சூடாக இட்லி, தேய்த்த சட்டை, தேடாமல் கிடைக்கிற சாவி. ஒரே ஒரு வேளை தோற்றால் போதும். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "சரி, பார்க்கறேன்" என்றேன்.

"ஆனா உங்களால ஆவாதுங்க."

"ஏன் ஆவாது?"

"இப்பல்லாம் கொழந்தையே கையால எடுத்துத் திங்கற மாதிரி, நட்சத்திரம், மீனுன்னு அழகா வெட்டி வெக்கறாங்க. நுணுக்கமான வேலை. உங்களுது இரும்புக் கை."

"இரும்பையே வெட்டறவன், பூசணிக்காய வெட்ட மாட்டனா?"

"இரும்பு அழுவாது. பாப்பா அழுவா. நீங்க கத்துவீங்க. எதுக்கு வம்பு, நான் வேலைய விட்டுடறேன்."

அங்கேயே தலையை ஆட்டியிருந்தால் ஜெயித்திருப்பேன், அதாவது தோற்றிருப்பேன். ஆனால் என் கையை ஒருத்தி மட்டம் தட்டியதும் காது சூடாகிவிட்டது. தோற்பதென்றாலும் நானாகத் தோற்க வேண்டும்.

ஜோசெத்தம்மா வீட்டுக்குப் போனேன். பிரான்ஸ் பென்ஷன் வாங்குகிறவர். பேச்சை 'அலோர்' என்று பிரெஞ்சில் தொடங்குவார், கிறிஸ்துமஸை நோயேல் என்றுதான் சொல்வார். அதற்கு பிஸ்கட் வெட்டும் தகர அச்சுகள் அவரிடம் இருப்பதாகச் சரிதா சொல்லியிருந்தாள்.

"அலோர், தம்பி, அது எங்க மாமியார் பாரிஸ்லேந்து கொண்டாந்தது. யாருக்கும் தர்றதில்ல."

"ஒரு நாளைக்குத்தானே கேக்கறேன்?"

"நசுக்கிடுவீங்க."

"நசுங்கினா நானே நிமித்தித் தரேன். அதானே என் தொழிலு."

"மீன வேணா எடுத்துக்குங்க. நட்சத்திரம் தர மாட்டேன்."

"நட்சத்திரம் இல்லாம மீன வெச்சிக்கிட்டு நான் என்னா பண்றது? வேணாம், விடுங்க" என்று விறுவிறுவென்று நடந்தேன். கேட்டில் கை வைத்ததும் கூப்பிட்டார். நட்சத்திரம், மீன், கூடவே ஒரு முயல். பாரிஸ் சரக்கு. நெல்லித்தோப்புத் தெருவில் அன்று என் நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை. முதல் தட்டு, கேரட் மீன். சரிதா ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினாள். "நசுங்கல. பல்லு நாலுதான் இருக்கு, தொண்டைல அடைச்சிக்கும்." தட்டு போய்விட்டது. இரண்டாவது, பூசணி. வெந்து குழைந்து நட்சத்திரம் சப்பாத்தியாகிவிட்டது. "இது நேத்து ராத்திரி வானத்துலேந்து வுழுந்ததாங்க?" என்றாள். தோற்க வந்த விஷயமே எனக்கு மறந்துவிட்டது. அடுப்புப் பக்கத்திலேயே நின்று, பதம் பார்த்து இறக்கினேன். பூசணியில் நட்சத்திரம். இட்லியில் முயல், அதற்குப் பீட்ரூட் சாற்றில் கண்.

பாப்பா பார்த்தாள். ஷட்டரை இறக்கினாள். ஒரு முயலை எடுத்து என் மீசையில் எறிந்தாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வேணாம்னா போ" என்று தட்டை என் பக்கம் இழுத்து, நானே ஒரு நட்சத்திரத்தை வாயில் போட்டேன். பாப்பாவின் கண் தட்டோடு வந்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சரக்கு வேண்டும், ஆனால் காட்டிக்கொள்ளக் கூடாது. என் ரத்தம். நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன். பட்டென்று தட்டில் ஒரு கை விழுந்தது. ஒரு நட்சத்திரம் வாய்க்குள் போனது. அடுத்ததைப் பாதி கடித்தாள், யோசித்தாள், எச்சிலோடு மீதியை என் வாயில் திணித்தாள்.

பிறந்ததிலிருந்து பேரம் பேசாமல் எனக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை. அந்த அரை நட்சத்திரத்தை விழுங்க வெகுநேரம் ஆயிற்று.

தட்டு காலியானதும்தான் நான் தோற்க மறந்தது உறைத்தது. கொடியில் சரிதாவின் வெள்ளைக் கோட்டு வெளுத்துக் காய்ந்துகொண்டிருந்தது.

அச்சுகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"எங்கிட்ட எதுக்குத் தம்பி? அது உங்க வீட்டுதுதான். சரிதா பெரிய மார்க்கெட்டுல வாங்கி எங்கிட்டக் குடுத்து வெச்சா."

"பாரிஸு?"

"அப்படிச் சொல்லுங்கன்னா. 'கேட்டதும் குடுத்துடாதீங்க, இழுங்க. வாசக் கேட்டு வரைக்கும் நடக்க விட்டுக் கூப்பிடுங்க. பேரம் பேசி வாங்கினாத்தான் அவரு விடாம செய்வாரு'ன்னா."

கத்துவதற்கென்றே வீட்டுக்குப் போனேன். பாப்பா என்னைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினாள். கத்த வந்தவன் அவளைத் தூக்கிக்கொண்டேன். சரிதா நேராகக் கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். அந்த அரை நட்சத்திரமும் எனக்குக் கிடைத்திருக்காது. இதற்கு அவளைக் கும்பிடத்தான் வேண்டும். ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"நல்லாக் கேட்டுக்க. திங்கள்லேந்து சனி வரைக்கும்தான் நான். ஞாயித்துக்கிழமை நீ" என்றேன் கறாராக.

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவாச்சேங்க" என்றாள் சரிதா.