யோசனை சாரும் ஓர் இரும்பு பீரோவும்

கேட்டாலும் கிடைக்காத பொருள்கள் உலகத்தில் ஏராளம். கேட்காமலே வீடு தேடி வருவது ஒன்றே ஒன்றுதான். யோசனை.

அதைச் சொந்தமாகத் தயாரித்து, சொந்தச் செலவில் ஊரெல்லாம் வினியோகிப்பதற்கென்றே மனிதகுலத்தில் ஒரு பிரிவினர் பிறந்திருக்கிறார்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள். நடுரோட்டில் உங்கள் வண்டிச் சக்கரத்தின் காற்று இறங்கி, நீங்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையெல்லாம் கரியாகி, கழலாத நட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, பின்னால் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்று, "அந்தப் பக்கம் திருப்புங்க" என்பாரே, அவர்தான். நீங்கள் தும்மினால் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள் என்று விசாரிப்பார். கடன் கேட்டால் சிக்கனத்தைப் பற்றிச் சொல்வார். ஆள்காட்டி விரல் மேலே எழும்பும். மற்ற விரல்களுக்கு வேலையே கிடையாது.

இந்த இனத்திலேயே உயர்ந்த ரகம் ஒன்று உண்டு. யோசனையோடு பொதுத்தொண்டும் செய்கிற ரகம். பக்கத்தில் இருப்பவர்களுக்கு யோசனை, தூரத்தில் இருப்பவர்களுக்குத் தொண்டு என்று இவர்கள் உலகத்தையே இரண்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். நான் சொல்லப்போவது அந்த ரகத்தைச் சேர்ந்த ஒரு மேனேஜரைப் பற்றி. மருந்துக் கடைக்கு மேல்மாடியில், நான்கே மேசைகள் போட்ட காப்பீட்டு அலுவலகம் ஒன்றுக்கு அவர் தலைவர். அலுவலகத்தில் அவருக்கு "யோசனை சார்" என்று பெயர். நேரில் வெறும் "சார்."

படியேறி வந்ததும் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை கண்ணில் படும். "இன்றைய குறிப்பு" என்று மேலே சிவப்பு மையில் தலைப்பு. தினமும் காலையில் வந்ததும், பையைக்கூட இறக்கி வைக்காமல், அதில் எழுதிவிட்டுத்தான் நாற்காலிக்குப் போவார். "ஒரு சொட்டு நீரும் வீணாகாமல் பாருங்கள். ஒழுகும் குழாயை உடனே மாற்றுங்கள்" என்று ஒரு நாள் எழுதியிருந்தது. அந்தப் பலகைக்கு நேர் கீழே இருந்த கை கழுவும் குழாய் அப்போதும் சொட்டிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்கள் படித்துவிட்டுத் தலையாட்டினார்கள். குழாயும் தன் பங்குக்கு "டொக், டொக்" என்றது.

தொண்டு என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை. போன முறை பூங்காவில் மரக்கன்று நட்டார்கள். பேனர், பனியன், படம் எல்லாம் பிரமாதம். நட்டது இவர்கள், தண்ணீர் ஊற்றும் பொறுப்பை மேகத்திடம் விட்டுவிட்டார்கள். மேகத்துக்கும் அந்த வருடம் வேறு வேலை இருந்தது.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த நாளில்தான் கணக்கு அக்கா அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். வரவு செலவு முழுவதையும் ஒற்றை ஆளாகப் பார்ப்பவர். அலுவலகத்தில் வயதில் மூத்தவர், குரலில் இளையவர்.

"சார், சனிக்கிழமை லீவு வேணும். வீடு மாத்தறேன்."

யோசனை சாரின் முகத்தில் விளக்கேற்றினாற்போல் ஒரு வெளிச்சம்.

"வீடு மாத்தறீங்களா? உக்காருங்க, சொல்றேன். மொதல்ல எல்லாப் பெட்டியிலயும் எந்த ரூம்னு எழுதி ஒட்டிடணும். கண்ணாடிச் சாமான பழைய துணியில சுத்தணும், பேப்பர்ல சுத்தாதீங்க. ஸ்க்ரூவெல்லாம் ஒரு டப்பாவுல போட்டு, டப்பாவ நீங்களே கையில வச்சுக்கணும்..."

பத்து நிமிடம் போயிற்று. அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி சார். தூக்கத்தான் ஆளில்ல" என்றார். "எங்க வீட்டுக்காரர் வண்டியிலேருந்து விழுந்து கால்ல மாவுக்கட்டு. வேன் வருது, ஆனா டிரைவர் சாமான் தொட மாட்டாராம். நீங்களும் நம்ம ஆபீஸ் டிரைவர் தம்பியும் ஒரு ரெண்டு மணி நேரம் வந்தீங்கன்னா போதும்."

"சனிக்கிழமையா?" யோசனை சார் உண்மையாகவே வருந்தினார். அதில் சந்தேகமே வேண்டாம். "அடடா, அன்னைக்குத்தானே நம்ம தொண்டு நாள்! நீங்களும் லீவுங்கறீங்க, ஒரு கை குறையுதேன்னு நானே கவலையா இருக்கேன். ஒண்ணு பண்ணுங்க. அக்கம்பக்கத்துல கேட்டுப் பாருங்க. கேட்டா உதவாத மனுஷங்க உண்டா?"

அக்கா அவரை ஒரு கணம் பார்த்தார். "சரி சார்" என்று போய்விட்டார்.

அன்று மத்தியானம் அக்கா படிக்கட்டில் நின்று யாரிடமோ தாழ்ந்த குரலில் போன் பேசியதை ரிசப்ஷன் பெண் மட்டும் கவனித்தாள். மறுநாள் யோசனை சாருக்கு ஒரு போன் வந்தது. குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். தொண்டு செய்ய ஓர் இடம் வேண்டும் என்று சார்தான் அவரிடம் சொல்லி வைத்திருந்தார்.

"சொல்லுங்க... ஆமா... ஐயோ பாவம்! கணவருக்கு அடிபட்டிருக்கா? வீடு மாறணுமா? தூக்கிவிட ஆளில்லையா?" யோசனை சாரின் குரல் தழுதழுத்தது. இளகிய மனசு அவருக்கு. "ஏன் சார், சொந்தபந்தம் இல்லையா? அந்தம்மா வேலைக்குப் போறாங்களா? அப்ப கூட வேலை பாக்கறவங்க ஒருத்தர்கூடவா எட்டிப் பாக்க மாட்டாங்க? சே! என்ன மனுஷங்க சார் இவங்கல்லாம்!"

கணக்கு அக்கா தலை நிமிரவில்லை. கூட்டிக்கொண்டிருந்த கணக்கை அடித்துவிட்டு, முதலிலிருந்து கூட்டத் தொடங்கினார். ரிசப்ஷன் பெண் ஏதோ புரிந்தாற்போல வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாங்க பாத்துக்கறோம். முகவரிய மட்டும் அனுப்புங்க" என்று யோசனை சார் போனை வைத்தார். பெயரைக் கேட்கவில்லை. தொண்டில் பெயரா முக்கியம்? நம் பெயர்தான் பேனரில் இருக்கிறதே!

சனிக்கிழமை காலை டிரைவர், ரிசப்ஷன் பெண், யோசனை சார் மூவரும் மஞ்சள் பனியன் அணிந்து கிளம்பினார்கள். பேனரில் "உங்கள் சுமை எங்கள் தோளில்" என்று அச்சடித்திருந்தது. வாசகம் சாருடையது. ஒரு குறுகலான தெருவில் கார் திரும்பியதும் ரிசப்ஷன் பெண்ணுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. அவள் இந்தத் தெருவுக்கு முன்பே வந்திருக்கிறாள். ஆனால் சொல்லவில்லை. அவளிடம் யார் யோசனை கேட்டார்கள்?

இரண்டாவது மாடி. யோசனை சார் பேனரின் ஒரு முனையை டிரைவரிடமும் மறு முனையை ரிசப்ஷன் பெண்ணிடமும் கொடுத்து நடுவில் நின்று, புன்னகையைத் தயார் செய்துகொண்டு மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்தது கணக்கு அக்கா.

"அட, நீங்களா!" யோசனை சாருக்கு மெய்சிலிர்த்தது. "லீவுன்னு சொல்லிட்டு, எங்களுக்கு முன்னாடியே தொண்டுக்கு வந்து நிக்கறீங்களே! சொந்த வேலையை விட்டுட்டு! இதுதாங்க மனசு!"

"இல்ல சார். இது என் வீடுதான்."

யோசனை சார் கதவைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் கயிறு கட்டிய பெட்டிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றின் மேலும் எந்த அறை என்று எழுதி ஒட்டியிருந்தது. இத்தனை வருடத்தில் அக்காவின் வீடு எங்கே இருக்கிறது என்று தான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காது மடல் சூடாயிற்று.

இந்த இடத்தில் நீங்களும் நானுமாக இருந்தால் பூமி பிளந்து உள்ளே போகக் காத்திருப்போம். இவர்கள் அப்படி இல்லை. இவர்கள் பூமிக்கே எப்படிப் பிளப்பது என்று சொல்லித் தருபவர்கள்.

"என்கிட்ட மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க!" என்றார்.

"சொன்னேன் சார்."

உள்ளே, மாவுக்கட்டுக் காலை முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்த அக்காவின் கணவர் கைகுவித்தார். "வாங்க சார். உங்களப் பத்தி தினமும் சொல்லுவா."

என்ன சொல்லுவாள் என்று கேட்க யோசனை சாருக்குத் தைரியம் வரவில்லை. சட்டென்று படத்துக்குத் தாவினார். அதிலும் ஒரு சிக்கல். அக்கா ஊழியர் பக்கம் நிற்பதா, உதவி பெறும் குடும்பத்தின் பக்கம் நிற்பதா? "ரெண்டு பக்கமும் நின்னு ஒண்ணொண்ணு எடுத்துக்கலாம்" என்று அதற்கும் வழி கண்டுபிடித்தார்.

"படம் அப்பறம் சார்" என்றார் அக்கா. "மொதல்ல பீரோ."

அது அந்தக் காலத்துப் பீரோ. கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்த முழு இரும்பு. வழக்கமாக யோசனை சார் கீழே நின்று "மெதுவா, மெதுவா" என்று சொல்லும் வேலையைத்தான் எடுத்துக்கொள்வார். அன்று எண்ணிப் பார்த்தால் ஆண்கள் இரண்டே பேர். மாவுக்கட்டுக்காரரைக் கணக்கில் சேர்க்க முடியாது. டிரைவர் மேல்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கீழ்ப்பக்கம் சார்" என்று அடக்கமாகச் சொன்னான். படியில் பீரோ இறங்கும்போது பாரமெல்லாம் எந்தப் பக்கம் வரும் என்பதை அவன் சொல்லவில்லை.

பத்துப் படி இறங்கினார்களோ இல்லையோ, வளைவில் பீரோ சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அத்தனை இரும்பும் யோசனை சாரின் மார்பில் வந்து உட்கார்ந்தது. கன்னம் கண்ணாடியில் அழுந்தியது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது; துடைக்கக் கை இல்லை.

அப்போதுதான் கதவுகள் திறந்தன.

முதல் மாடி அம்மா தலைவாரிக்கொண்டே வாசலுக்கு வந்தார். "வலது பக்கம் சாய்ங்க."

"யாரோட வலது?" என்றது மேலேயிருந்து வீட்டு உரிமையாளரின் குரல். "கயிறு கட்டி எறக்கியிருக்கணும். யாரு இப்படி எறக்கச் சொன்னது?"

செய்தித்தாளோடு கீழேயிருந்து ஏறி வந்தவர், வழி அடைபட்டதும் நின்றார். அக்குளில் செய்தித்தாளைச் சொருகிக்கொண்டு, பீரோவை மேலும் கீழும் அளந்தார். "அளந்து பாக்காம படியில எறக்கலாமா? இதுக்கெல்லாம் ஒரு முறை இருக்குங்க. சொல்றேன் கேளுங்க..."

சொல்றேன் கேளுங்க! யோசனை சாரின் காதில் அது ஈட்டிபோல் பாய்ந்தது. சுற்றிலும் பார்த்தார். மேலே இரண்டு கைகள் கைப்பிடிச் சுவரில் ஓய்வாகச் சாய்ந்திருந்தன. ஒரு கையில் சீப்பு. கீழே இருந்த கைகள் இடுப்பில். இத்தனை கைகள் இருக்கின்றனவே, ஒன்றாவது இந்த இரும்பைத் தொடக் கூடாதா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். பீரோவும் அப்படித்தான்.

"பொறுமையா மூச்ச இழுத்து விடுங்க" என்றார் செய்தித்தாள்காரர்.

"யோசனை வேணாம்யா!" யோசனை சார் அலறினார். "கையக் குடுங்கய்யா! கைய!"

முதல் மாடி அம்மாவின் சீப்பு பாதித் தலையில் நின்றது. ரிசப்ஷன் பெண்ணின் செல்போன் மட்டும் "கிளிக்" என்றது. அடுத்த கணம் அவள் போனைப் பையில் போட்டுவிட்டு ஓடிவந்து ஒரு முனையைப் பிடித்தாள். முதல் மாடி அம்மா சீப்பைத் தலையில் சொருகிக்கொண்டு இன்னொரு முனையைத் தாங்கினார். மேலேயிருந்து கணக்கு அக்கா, சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்து இறங்கி, யோசனை சாருக்குப் பக்கத்தில் வந்து தோளைக் கொடுத்தார். பீரோ ஒரு முனகல் முனகி வளைவைத் தாண்டியது. செய்தித்தாள்காரர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார். அவரால் ஆன உதவி.

கீழே வேனில் ஏற்றிய பிறகு யோசனை சார் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"கை ரொம்ப வலிக்குதா சார்?"

உள்ளங்கை சிவந்து தோல் உரிந்திருந்தது. அந்தக் கேள்வியில் குத்தல் இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது. "அன்னைக்கு நீங்க வந்து கேட்டப்ப..." என்று ஆரம்பித்தார். மன்னிப்பு தொண்டைவரை வந்தது. அக்கா காத்திருந்தார். பழக்கமில்லாத சொல்லாயிற்றே, நாக்கு புரளவில்லை. "...கேட்டப்ப, பீரோ இவ்வளவு கனம்னு சொல்லலையே" என்று முடித்தார்.

அக்கா சிரித்தார். "மிச்சப் பெட்டியெல்லாம் லேசுதான் சார்."

நியாயமாகச் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம்வரை யோசனை சார் பெட்டி தூக்கினார். புது வீட்டில் கட்டில்கூட மாட்டிக் கொடுத்தார். பேனரை ஞாபகமாக மூட்டை கட்டப் பயன்படுத்திக்கொண்டார்கள். படம் எடுக்கவே மறந்துபோனது.

திங்கட்கிழமை பலகை வெறுமையாக இருந்தது. யோசனை சார் யாருக்கும் எந்த யோசனையும் சொல்லவில்லை. அக்காவைப் பார்த்தபோது, "வீட்டுல எல்லாம் செட்டில் ஆயிடுச்சா?" என்று ஒரே கேள்வி; பின்னால் வால் எதுவும் இல்லை. அலுவலகமே கவலைப்பட்டது. ஆளுக்கு உடம்பு சரியில்லையோ?

அப்படியே விட்டிருந்தால் ஒரு மனிதர் தேறியிருப்பார். தலைமை அலுவலகம் விடவில்லை. தொண்டு நாள் படம் எங்கே என்று அவசரமாகக் கேட்டது. இருந்ததே ஒரு படம்தான். ரிசப்ஷன் பெண் அதை அனுப்பிவைத்தாள். பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை, பிதுங்கிய கண்கள், அகலத் திறந்த வாய். அடுத்த மாதச் செய்தி மடலின் முதல் பக்கத்தில் அது பெரிதாக வெளிவந்தது. கீழே எழுதியிருந்தார்கள்: "இக்கட்டான நேரத்திலும் ஊழியர்களுக்குத் தக்க யோசனை வழங்கும் மேலாளர்."

யோசனை சார் அதை இரண்டு முறை படித்தார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். மறுமுனையில் வாழ்த்துச் சொன்னார்கள். இவர் செய்தி மடலில் தன் படத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு விரல் மெதுவாக மேலே எழுந்தது.

"ஆமா சார், படி வளைவுல பெரிய சாமான் எறக்கறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. சொல்றேன் கேளுங்க..."

கணக்கு அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். டிரைவர் அப்போதுதான் அவரிடம், தானும் வீடு மாற்றப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "நானே இப்பத்தான் மாத்தினேன் தம்பி" என்று அக்கா நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார். "எல்லாப் பெட்டியிலயும் எந்த ரூம்னு எழுதி ஒட்டிடு..." இது தொற்றுகிற வியாதி, ஐயா.

உங்களுக்கு இல்லையே? நல்லது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். பீரோ அந்த வளைவில் சிக்கி நின்றதே, அப்போது உங்கள் மனதில் என்ன ஓடியது? ஐயோ, யாராவது ஓடிப் போய்ப் பிடிக்க மாட்டார்களா என்றா? இல்லை, கதவுகளைக் கழற்றிவிட்டு இறக்கியிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காதே என்றா?

இரண்டாவதுதான் என்றால், மன்னிக்க வேண்டும், உங்களை உடனே அடையாளம் தெரியவில்லை. அக்குளில் செய்தித்தாளோடு நின்றவர் நீங்கள்தானே?