கேப்ஸ் லாக்கில் வைத்த சந்தனம்

மதிப்பிற்குரிய வில்லியனூர் முத்துக்குமார் மாமா அவர்களுக்கு, கிருமாம்பாக்கத்திலிருந்து உங்கள் அக்கா மகள் கீர்த்தி எழுதிக்கொள்வது. இங்கு அம்மா, அப்பா, நான், ஆபீஸ் லேப்டாப் நால்வரும் நலம். அங்கு நீங்களும் அத்தையும் நலமா?

வேலை நிரந்தரமாயிடுச்சு மாமா. "ஆறு மாசம் அவ போக்குல விடுங்க மச்சான், வேலைல நிக்கலன்னா நானே கூட்டியாந்து உங்க மீன் கடைல ஒக்கார வைக்கிறேன்"னு அப்பாகிட்ட வாக்கு குடுத்தீங்களே, அந்த ஆறு மாசத்துல கடைசி வாரம் இன்னா ஆச்சுன்னு கேளுங்க. யூடியூப் பாத்தே நான் கத்துக்கிட்ட மெயின்ஃப்ரேம், பெரிய கம்பெனிங்களோட வேலையெல்லாம் ஓடுற ராட்சச கம்ப்யூட்டர். அதுல யார் எதைத் தொறக்கலாம்னு பேர் பேரா அனுமதி எழுதறதுதான் என் வேலை. ஆயுத பூஜைக்கு அம்மா என் கீபோர்டுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சாங்க, வெச்ச எடம் கேப்ஸ் லாக். சந்தனம் காஞ்சு பட்டன் அமுங்கினது அமுங்கினதுதான், அடிக்கிறதெல்லாம் பெரிய ஏபிசிடி. நானும் கவலப்படல, ஏன்னா முக்கால்வாசி பேரை அந்த மிஷின் அதுவே பெரிய எழுத்தா மாத்திக்கும். ஆனா 'கேஷியர்'னு ஒரு அனுமதி, அது மட்டும் சின்ன ஏபிசிடில இருந்தாதான் ஆளை உள்ள விடும். மறுநாள் பாத்தா கஸ்டமர் கம்பெனியோட கேஷியருங்க அத்தனை பேரும் மிஷின் உள்ள விடாம வெளிய நிக்கிறாங்க. ஊக்கால சந்தனத்தை நோண்டி எடுத்துட்டு, சின்னதா எழுதி, மிஷினுக்கு உத்தரவு சொல்ற ஸ்கிரிப்ட்டை ஓட்டறேன், மறுபடியும் பெருசாவே போவுது. பக்கத்துல அம்மா, "பெருசா இருந்தா நல்லதுதானடி, இன்னா இப்போ?"ங்கிறாங்க. அந்தப் பேருக்கு ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போடலன்னா ஸ்கிரிப்ட்டே அதைப் பெருசாக்கிடுமாம். குறி போட்டேன், எல்லாரும் உள்ள போயிட்டாங்க.

மேனேஜர் டேனியல் சார் போன் பண்ணாரு. எனக்கு மீன் வாடையே வந்துடுச்சு மாமா.

"எப்படிம்மா ஆச்சு?"

"சந்தனம் சார்."

அப்புறம், "கதவு தொறந்துக்கிட்டு எவனாவது உள்ள போயிருந்தா உன்னை அனுப்பியிருப்பேன். பூட்டிக்கிச்சு, நீயே தொறந்துட்ட, உண்மையும் சொல்லிட்ட. திங்கக்கிழமைலேருந்து நீ பர்மனென்ட்"னாரு.

இனிமே கீபோர்டைத் தொட மாட்டேன்னு அம்மாவும் சத்தியம் பண்ணிட்டாங்க. அத்தைக்கு என் அன்பு. உங்க வாக்கைக் காப்பாத்தின மருமக.

கீர்த்தி

பி.கு.: கடுதாசியை முடிச்சு மடிக்கறதுக்குள்ள, வேலை நிரந்தரமான சந்தோஷத்துல அம்மா லேப்டாப்புக்குத் தேங்கா சுத்தி, அது பக்கத்துலயே ஒடைச்சிட்டாங்க, தண்ணி பூரா அதுக்குள்ள. கீபோர்டைத் தொடல, சத்தியம் சத்தியம்தான். மேல 'லேப்டாப் நலம்'னு எழுதினதை அடிச்சிட்டுப் படிங்க. அது இப்போ ஈரம் காயறதுக்கு அரிசிப் பானைக்குள்ள இருக்கு. அப்பாகிட்ட இன்னும் ஒரு வாரம் வாங்கிக் குடுங்க மாமா.